கடவிலிருந்து கல்தொட்டி வரை

மார்ச் 3, திங்கள்

காலைக் கறவை ஆறு லிட்டர். மயிலை மாட்டுக்கு மடிவீக்கம் வடிந்துவிட்டது. டிராக்டரில் கிளட்ச் நழுவுகிறது. மெக்கானிக் ஜாபருக்குப் போன் போட்டால், "நாளைக்கு வர்றனுங்ண்ணா" என்கிறான். அவனுடைய நாளைக்கு எந்தக் காலண்டரிலும் தேதி கிடையாது.

மாடுகள் இன்று ஒரு கூத்து நடத்தின. வழக்கம்போல் மேய்ச்சலுக்கென்று விட்டிருக்கும் கொறங்காட்டில் அவிழ்த்துவிட்டேன். பதினொரு மணிக்கு வெயில் ஏறினால் போர்வெல் பக்கத்துச் சிமெண்ட் தொட்டிக்குத் தண்ணீர் குடிக்கத் தாமாகவே வரும். இன்றும் மூன்றும் வந்தன. தொட்டிக்குப் பத்தடி இருக்கும்போது வரிசையாக நின்றுவிட்டன. முன்னால் வெறும் தரையும் காய்ந்த கொழுக்கட்டைப் புல்லும்தான். மயிலை கழுத்தை நீட்டி எதையோ முகர்ந்தது. முள் குத்தியதுபோல் மூக்கை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. விரட்டினேன், வாலை முறுக்கினேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினவே தவிர அந்த இடத்தைத் தாண்டவில்லை. கடைசியில் குடத்தில் மொண்டுபோய் நான் காட்டினேன். அறுபத்தொரு வயதில் மாட்டுக்கு வேலைக்காரன் ஆகிவிட்டேன்.

குளம்பைத் தூக்கிப் பார்த்தேன். கோமாரி இல்லை.

மார்ச் 5, புதன்

ஜாபர் வந்தான். டிராக்டரானாலும் மோட்டாரானாலும் எனக்கு அவன்தான். கிளட்ச் பிளேட் மாற்றினான்.

மதியத்துக்கு மேல் வேலியோரத்துத் துண்டை உழப் போனேன். போர்வெல்லை ஒட்டிப் பதினைந்தடி அகலம் இருக்கும். என் காட்டிலேயே நல்ல மண் அதுதான். ஒரு கோடை உழவு போட்டு வைத்தால் மழைக்குத் தீவனச் சோளம் விதைக்கலாம். முன்சக்கரம் துண்டின் ஓரத்தில் ஏறியதும் எஞ்சின் நின்றது. ஸ்டார்ட் ஆனது. மறுபடி நகர்த்தினேன், மறுபடி நின்றது. ஜாபர் ஏறி உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தான். அவனுக்கும் நின்றது. டீசல் ஃபில்டரை மாற்றினான், குழாயில் சிக்கிய காற்றை எடுத்தான். பின்னால் எடுத்தால் வண்டி பூனைபோல வருகிறது. முன்னால் விட்டால் அதே இடத்தில் நிற்கிறது.

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்ண்ணா. நெலத்துக்குத்தான் என்னமோ" என்றான்.

"நெலத்துக்கு ஸ்பேனர் வெச்சிருக்கியாடா?"

சிரிப்பான் என்று பார்த்தேன். அவன் சாமானை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மார்ச் 9, ஞாயிறு

வேலிக்கு அந்தப் பக்கம் குப்பண்ணன் காடு. எனக்குப் பங்காளி முறையில் அண்ணன். செத்து மூன்று வருஷம் ஆகிறது. காடு சும்மா கிடப்பதால் மயில்கள் அங்கேதான் குடியிருக்கின்றன.

இன்று காலை ஏழெட்டு மயில் கிளுவை வேலியைத் தாண்டி என் பக்கம் குதித்தன. நடந்து வந்தன. போர்வெல்லைத் தாண்டியதும் ஒவ்வொன்றாக இடுப்புயரம் எம்பி, வெறும் தரையை மறுபடி ஒரு தாண்டு தாண்டி, இந்தப் பக்கம் இறங்கி மேய்ந்தன. கடைசியாக வேலிச் சந்தில் நுழைந்து வந்த குஞ்சு எம்ப முடியாமல் அங்கேயே நின்று கத்தியது. தாய் திரும்பிப் போய் அதைக் கூட்டிக்கொண்டது.

பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் காபி ஆறிப்போயிற்று. வீட்டுக்காரி பாவாயியிடம் சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

விடிந்ததும் வேலிப் பக்கம் மரங்கொத்திச் சத்தம்.

மார்ச் 14, வெள்ளி

கிளுவைக் குச்சி முளைத்திருக்கிறது. ஏழு குச்சிகள், மாடு நிற்கிற அதே கோட்டில். பங்குனி பிறந்தாயிற்று, வேலிக் கிளுவையே மொட்டையாகக் குச்சியாக நிற்கிறது. இவை மட்டும் பச்சையாக இலை விட்டிருக்கின்றன. சணல் கயிறு பிடித்து நட்டதுபோல் நேர்கோடு.

பிடுங்கி எறிந்தேன். கிளுவைப் பால் வாசம் கையைவிட்டுப் போகவில்லை. சோப்பு போட்டாயிற்று, சாம்பல் போட்டுத் தேய்த்தாயிற்று. சோறு அள்ளும்போது அந்த வாசம்தான் வருகிறது.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. பழைய வேர் எங்காவது கிடந்திருக்கும். கிளுவை அப்படித்தான், ஒடித்துப் போட்டால் போட்ட இடத்தில் முளைக்கும். அங்கே ஒருகாலத்தில் வேலி இருந்தது உண்மைதான். ஊரில் வேலியை நகர்த்தாதவன் யார்? பட்டுப்போன குச்சிக்குப் பதில் குச்சி நடும்போது கை ஒரு சாண் அந்தப் பக்கம், அக்கட்ட, போகத்தான் செய்யும். என் கை கொஞ்சம் கூடுதலாகப் போயிற்று.

மார்ச் 17, திங்கள்

போர்வெல்லில் தண்ணீர் நின்றுவிட்டது. முதலில் மணல் வந்தது, பிறகு காற்று. ஜாபரைக் கெஞ்சிக் கூட்டிவந்து குழாயைக் கழற்றி மோட்டாரை மேலே எடுத்தோம். வீட்டுத் தொட்டியில் முக்கி ஓடவிட்டால் பீய்ச்சுகிறது. குழிக்குள் இறக்கினால் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. கல்லைக் கட்டிக் கயிறு விட்டுப் பார்த்தான். நூற்றெண்பதடியில் தண்ணீர் இருக்கிறது. இருந்தும் ஏறமாட்டேன் என்கிறது.

"இந்த எடத்துக்கு என்னையக் கூப்புடாதீங்ண்ணா" என்றான் ஜாபர். கூலியைக்கூட வீட்டு வாசலில் வந்துதான் வாங்கிக்கொண்டான்.

அறுபது தென்னை, மூன்று மாடு. எல்லாம் இந்த ஒரு குழியை நம்பித்தான் நிற்கின்றன. வேறே இரண்டு இடத்தில் துளை போட்டுப் புகைதான் வந்தது. தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்த்தவர் இந்த இடத்தில்தான் தடுமாறி நின்றார். அப்போது இது வேலிக்கு அந்தப் பக்கம்.

மார்ச் 22, சனி

குப்பண்ணன் மகள் சௌந்தரம் வந்தாள். திருப்பூரில் தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். மூன்று வாரத்துக்கு முன்னால், ஒன்றாம் தேதியோ இரண்டாம் தேதியோ, போன் பண்ணி வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். வெயிலில் முகம் சிவந்து, அப்பன் சாடையாக நின்றாள்.

"இங்கயே வந்துடலாம்னு இருக்கறனுங் சித்தப்பா. ஊட்டக் கொஞ்சம் சரி பண்ணிட்டு, நாலு ஆடு மாடு வாங்கோணும். வர்ற பதினொண்ணாந் தேதி சர்வேயரு அளக்க வர்றாருங். நீங்களும் கூட நில்லுங்."

"அளக்கறதுக்கு என்ன கண்ணு இருக்குது? வேலிதான் இருக்குதே" என்றேன்.

"பேங்குல கேக்கறாங் சித்தப்பா."

பாவாயி மோர் கொண்டுவந்தாள். சௌந்தரம் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு பேசினாள். பேசாமல் இருந்திருக்கலாம்.

"ஆபரேசன் பண்ணியும் அப்பாவுக்குக் கண்ணு வரலீங், இங்க கொண்டாந்து உட்டுட்டு ரெண்டே நாள்தான் கூட இருந்து மாட்டுக்குத் தவுடு வெச்சனுங். மூணாம் நாளு கம்பெனில கூப்புட்டாங்க. 'கண்ணு தெரியாட்டி என்ன, எனக்குத் தப்படிக் கணக்கு இருக்குது, நீ போ'ன்னாரு. போயிட்டன். மறுநா விடியக்காலமே கெணத்துல உழுந்துட்டாரு. கண்ணு தெரியாத அப்பன உட்டுட்டுப் போனவன்னு ஊரே பேசுச்சு. பேசுனதுல தப்பில்லீங். அந்தக் கணக்கு எப்புடித் தப்புச்சுன்னுதான் எனக்கு இன்னும் வெளங்கல."

"விதி கண்ணு" என்றேன்.

பாவாயி உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

பிடுங்கின இடத்தில் பதினொரு குச்சி. ஒன்றில் பூ.

மார்ச் 29, சனி

பாவாயி ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று நான் குச்சி பிடுங்கிக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள்.

"எத்தன நாளைக்குப் புடுங்குவீங்?"

"சர்வேயர் வர்ற வரைக்கும்."

"வேலில போற ஓணான எடுத்து மடில உட்டுக்கிட்டு, குத்துது கொடையுதுன்னா யாரு என்ன பண்றது? அந்தப் புள்ளகிட்டச் சொல்லிப்போடுங்."

"சொன்னா போர்வெல் போச்சு. தென்னைக்கு உன்ற கண்ணீரையா பாய்ச்சறது?"

"நாந்தானுங் குச்சி எடுத்துக் குடுத்தன். எனக்கும் அந்தப் பாவத்துல பங்குண்டு. அதுக்குத்தான் சொல்றன்."

அவள் சொல்வது சரிதான். குப்பண்ணன் கண் ஆபரேஷனுக்குப் போய் இரண்டு மாதம் மகள் வீட்டில் இருந்தார் அல்லவா, அப்போதுதான் நகர்த்தினோம். நாற்பது பாகம் நீளத்து வேலியை வேரோடு பெயர்த்து அப்படியே அந்தப் பக்கம் நட்டோம். பதினைந்தடி, ஆறு தப்படி. ஆள் ஒருக்களித்து நுழைகிற சந்து ஒன்று இருந்தது, கடவு என்போம். அதையும் பழைய வேலியில் இருந்த மாதிரியே புது வேலியில் அச்சாக வைத்தேன். அப்போது அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஏப்ரல் 2, புதன்

மரங்கொத்தியை எண்ணினேன். இருபது கொத்து. நிறுத்திவிட்டது. நேற்றும் இருபது. முந்தாநாளும் எண்ணியதாக ஞாபகம்.

எழுந்து போய்ப் பார்த்தேன். பறவை இல்லை. கிளுவையில் ஒரு பொத்தலும் இல்லை. சத்தம் கடவிலிருந்துதான் வந்தது. கடவில் நின்று பார்த்தால் குப்பண்ணன் காட்டில் கல்தொட்டி தெரிகிறது, மாட்டுக்குத் தவிடு கலக்குகிற தொட்டி. அதற்கு நாலு தப்படி தள்ளிக் கிணறு. ஏற்றம் இறைத்த காலத்துக் கிணறு என்பதால் இந்தப் பக்கம் சுவர் கிடையாது.

குப்பண்ணன் தினமும் விடிந்ததும் கைத்தடியால் வேலியைத் தட்டிக்கொண்டே கடவு வரை வருவார். அங்கே தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தவிட்டு வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டே தொட்டிக்கு நடப்பார். கண் மங்கத் தொடங்கியபோதே பழகிவைத்த கணக்கு. இருபத்திரண்டு தப்படி. இடது பக்கம் கையை நீட்டினால் கல்தொட்டி.

இருபத்திரண்டு என்பது பழைய கடவிலிருந்து.

ஏப்ரல் 6, ஞாயிறு

படுத்துவிட்டு எழுந்து வந்து எழுதுகிறேன்.

சர்வேயர் வருவதற்குள் அந்தக் கோட்டையே வேரோடு கிளறிவிடுவது என்று கலப்பையைப் பூட்டிக்கொண்டு போனேன். இந்த முறை டிராக்டர் நிற்கவில்லை. குச்சிகளை நசுக்கிக்கொண்டு உள்ளே ஏறியது. அப்பாடா என்று திரும்புவதற்காகக் கிளட்சை மிதித்தேன், பிடிக்கவில்லை. பிரேக் மிதித்தேன், வண்டி மதிக்கவில்லை. எஞ்சினை நிறுத்துகிற குமிழை இழுத்தேன், அது கையோடு வந்துவிட்டது. ஸ்டீயரிங் கல்லாக இறுகியிருந்தது. நேராகப் போய்க் கடவில் வேலியைப் பிய்த்துக்கொண்டு குப்பண்ணன் காட்டில் இறங்கியது.

வேகம் இல்லை. ஒரு கிழவன் வாளியோடு நடக்கிற வேகம்தான். குதித்திருக்கலாம். கால் எழவில்லை. என் வாய் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. கல்தொட்டி இடது பக்கம் கடந்து போனபோது பதினாறு என்றேன். இருபது என்றபோது வண்டி நின்றது. முன்சக்கரம் இரண்டும் கிணற்று விளிம்பில். ஒரு மண்கட்டி உதிர்ந்து கீழே தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது.

இதை எழுதித்தான் தீர வேண்டும். குப்பண்ணன் செத்த அன்றைக்கு ஜீப்பில் வந்த போலீஸ்காரர்கள் விசாரித்தபோது, "டிராக்டர் ஓட்டிக்கிட்டிருந்தனுங், சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்" என்றேன். பொய். டிராக்டரை நிறுத்திவிட்டு டீசல் குழாயை ஊதிக்கொண்டிருந்தேன். காட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவர் எண்ணியது ஒவ்வொன்றும் கேட்டது. பதினாறில் கல்தொட்டியைத் தாண்டினார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அண்ணா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் நிற்பார். நின்றால், ஏண்டா கணக்கு தப்புது என்று கேட்பார். திரும்பிப் போய் வேலியைத் தடவுவார். பதினேழு. பதினெட்டு. வாயைத் திறந்தபடியே நின்றேன். பத்தொன்பது. இருபது.

இருபத்தொன்று எண்ணவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

ஜாபர் வரமாட்டேன் என்றான். பாவாயி பேசியதும் வந்தான். சங்கிலி போட்டு இழுத்தோம். கிளட்ச், பிரேக், குமிழ் எல்லாம் சரியாக இருக்கிறது என்றான். கையோடு வந்த குமிழ் தன் இடத்தில்தான் இருந்தது.

பிய்ந்த வேலியை அடைக்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

சௌந்தரத்துக்கு நானே போன் போட்டு வரச்சொன்னேன். காலை ஒன்பது மணிக்கு வந்தாள். குச்சிகள் மறுபடி முளைத்து முழங்கால் உயரம் நின்றன. நடுவில் ஓரிடத்தில் மட்டும் முளைக்காமல் ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து. கடவைக்கூட மறக்கவில்லை.

அங்கே அவளை நிறுத்தினேன்.

"இதுதான் கண்ணு உங்க வேலி. அப்பன் ஆசுபத்திரிக்குப் போனப்ப நாந்தான் அக்கட்ட நகர்த்துனன். உங்கப்பன் கணக்கு இங்கிருந்து."

அவளுக்கு முதலில் புரியவில்லை. வேலியைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு, வாளி பிடிப்பதுபோல் இரண்டு கையையும் முன்னால் வைத்துக்கொண்டு, வாய்விட்டு எண்ணியபடி நடந்தாள். டிராக்டர் பிய்த்த சந்தின் வழியே அந்தப் பக்கம் போனாள். அப்பனைப் போலவே சின்னச் சின்னத் தப்படி. நான் பின்னாலேயே போனேன். இருபத்திரண்டு என்று சொல்லி நின்றாள். இடது கையை நீட்டினாள். கை கல்தொட்டியின் விளிம்பில் விழுந்தது.

கண்ணைத் திறக்காமலே அழுதாள். "அப்பா கணக்குத் தப்பல. தப்பவே இல்ல" என்று தொட்டியைத் தட்டித் தட்டிச் சொன்னாள். நான் மனிதனாக இருந்தால் அந்த இடத்தில் செத்திருக்க வேண்டும்.

கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங் சித்தப்பா?"

"இங்கதான் கண்ணு. வேலிக்கு அக்கட்ட."

"அப்பா எண்ணுனது கேட்டுச்சா?"

பொய் வாய்வரை வந்தது. டிராக்டர் சத்தம் என்று சொன்னால் முடிந்தது.

"இருவதும் கேட்டுச்சு. நான் கூப்புடல."

ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன். செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"மூணு வருசமா ஊரு பேசுனது என்னையத்தானுங். நாளைக்கு எல்லாரும் வருவாங்க. அவங்க முன்னால இதே வாயில சொல்லுங்."

ஏப்ரல் 11, வெள்ளி

சர்வேயர் சங்கிலி பிடித்தார். முளைத்த குச்சிக்கு அடியில் தோண்டச் சொன்னார். இரண்டடியில் எல்லைக்கல் இருந்தது. அதை நான்தான் புதைத்திருந்தேன்.

சொன்னேன், எல்லாவற்றையும், எல்லார் முன்னாலும். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. ஒருத்தர் காறித் துப்பினார். ஜீப்புக்காரர்கள் நாளை மறுநாள் வந்து எழுதி வாங்கிக்கொள்வார்கள். பாவாயி கூட்டத்துக்கு நடுவில் போய்ச் சௌந்தரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் பக்கம் வரவில்லை.

சாயங்காலம் சௌந்தரம் போர்வெல் சுவிட்சைப் போட்டாள். முதல் சுற்றிலேயே தண்ணீர் பீய்ச்சியது.

ஏப்ரல் 12, சனி

கறவை ஐந்து லிட்டர். தென்னை பத்து நாள் தாங்கும்.

விடிந்ததும் சத்தம் தொடங்கியது. படுக்கையில் கிடந்தபடியே எண்ணினேன். இருபதில் நிற்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நிற்கவில்லை. இருபத்தொன்று. இருபத்திரண்டு. பிறகு கல்லின்மேல் வாளி வைக்கிற சத்தம்.

பாவாயி எழுந்து உட்கார்ந்திருந்தாள். "சௌந்தரம் வந்துட்டாளாட்ட இருக்குது" என்றாள்.

சௌந்தரம் நேற்றே கடைசி பஸ்ஸில் திருப்பூர் போய்விட்டாள்.